சின்ன பிசினஸுக்கு எந்த மெயில் மார்க்கெட்டிங் தளம்? காசு கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

ஆன்லைனில் சேலை விற்றாலும் சரி, சிறுதானிய நொறுக்குத்தீனி விற்றாலும் சரி, சிறு வணிகர்கள் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. இன்ஸ்டாவில் ஃபாலோயர்கள் இருக்கிறார்கள். ஆனால், போட்ட போஸ்ட் எத்தனை பேர் கண்ணில் படும் என்பது அல்காரிதம் கையில். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். அதிலும், உங்கள் நம்பரை சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்குத்தான் மெசேஜ் போய்ச் சேரும். 'பேசாம எல்லாருக்கும் மெயில் அனுப்பிடலாமே' என்ற யோசனை அப்போதுதான் வரும்.

தேடிப் பார்த்தால் டஜன் கணக்கில் தளங்கள். மெயில்சிம்ப், பிரெவோ, ஸோஹோ கேம்பெயின்ஸ், மெயிலர்லைட் எனப் பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் அழகான டெம்ப்ளேட்டுகள். பல தளங்களில் 'இலவசமாகத் தொடங்குங்கள்' பட்டன். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது ஆறு மாதம் கழித்து, பில் ஏறும்போதும் மெயில் ஸ்பேமில் விழும்போதும்தான்.

அதனால், டெம்ப்ளேட்டைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

ஜிமெயிலே போதாதா?

வாடிக்கையாளர்கள் ஐம்பது, அறுபது பேர்தான் என்றால் தாராளமாகப் போதும். தளத்துக்குக் காசு கட்டவே வேண்டாம்.

எண்ணிக்கை கூடும்போதுதான் சிக்கல். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 மெயில்கள்தான் அனுப்ப முடியும். உதாரணத்துக்கு, 3,000 வாடிக்கையாளர்கள் இருக்கும் ஒரு கடை தீபாவளி ஆஃபரை எல்லோருக்கும் அனுப்ப 6 நாட்கள் ஆகும். வரம்பைத் தாண்டினால் அனுப்பும் வசதியே தற்காலிகமாக முடங்கும். 'இனி மெயில் வேண்டாம்' என்று சொல்ல வாடிக்கையாளருக்கு ஒரு லிங்க்கும் இருக்காது. அவர் ஸ்பேம் பட்டனை அழுத்துவார். அந்தப் பட்டன் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பிறகு பார்ப்போம்.

1. பில்லை எதை வைத்துப் போடுகிறார்கள்?

முதல் கேள்வி இதுதான். தளங்கள் பெரும்பாலும் இரண்டு வகையாகக் காசு வாங்குகின்றன. பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவது ஒரு வகை. மெயில்சிம்ப் இப்படித்தான். எத்தனை மெயில் அனுப்புகிறீர்கள் என்று எண்ணுவது இன்னொரு வகை. 2023 வரை செண்டின்ப்ளூ என்ற பெயரில் இருந்த பிரான்ஸ் நிறுவனமான பிரெவோ இந்த ரகம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சேலைக் கடையின் பட்டியலில் 3,000 பேர். மாதம் ஒரு மெயில். டியூஷன் சென்டரின் பட்டியலில் 300 பேர். மாதம் 10 மெயில்கள். இரண்டு பேருமே மாதம் அனுப்புவது 3,000 மெயில்கள்தான். மெயிலை எண்ணும் தளத்தில் இருவருக்கும் ஒரே செலவு. ஆளை எண்ணும் தளத்தில் சேலைக் கடைக்கு பில் எகிறும். டியூஷன் சென்டர் தப்பித்துவிடும். ஆக, 'எது மலிவு?' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. பெரிய பட்டியல், எப்போதாவது மெயில் என்றால் இரண்டாவது ரகம். சின்னப் பட்டியல், அடிக்கடி மெயில் என்றால் முதல் ரகம்.

ஆளை எண்ணும் தளங்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. யாரையெல்லாம் எண்ணுகிறார்கள்? 'மெயில் வேண்டாம்' என்று விலகிப் போனவர்களையும் மெயில்சிம்ப் கணக்கில் சேர்க்கும். அவர்களை ஆர்க்கைவ் செய்தால்தான் எண்ணிக்கையிலிருந்து நீங்குவார்கள். ஒரே நபர் இரண்டு தனித்தனிப் பட்டியலில் இருந்தால் இரண்டு பேராகவே எண்ணப்படுவார். இது தெரியாமல் இருந்தால், மெயிலே போகாத ஆட்களுக்கும் மாதாமாதம் காசு கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இலவசத் திட்டத்தையும் நம்பி உட்கார்ந்துவிட முடியாது. மெயில்சிம்ப் ஒரு காலத்தில் 2,000 பேர் வரை இலவசமாக அனுமதித்தது. பிறகு அதை 500 ஆகக் குறைத்தது. பிரெவோவின் இலவசத் திட்டத்தில் நாளொன்றுக்கு 300 மெயில்கள்தான். 3,000 பேருக்கு ஒரு சுற்று போக 10 நாட்கள். பண்டிகை ஆஃபருக்கு இது சரிப்பட்டு வராது.

டாலர் விஷயமும் இருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தின் விலைப்பட்டியலில் தெரியும் தொகையோடு செலவு முடிவதில்லை. ரூபாய் மதிப்பு மாறும், வங்கி தன் பங்குக்குக் கட்டணம் பிடிக்கும், 18% ஜி.எஸ்.டி.யும் உண்டு. தானாகப் பணம் கழியும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து விதிகளை இறுக்கியதால், சில கார்டுகளில் மாதச் சந்தா பாதியில் நின்றுபோவதும் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஸோஹோ போன்றவற்றில் ரூபாயிலேயே கட்டலாம் என்பது இந்த இடத்தில் ஒரு வசதி.

2. மெயில் இன்பாக்ஸில் விழுமா?

'எங்கள் தளத்தில் அனுப்பினால் ஸ்பேமுக்குப் போகாது' என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம். அதை முடிவு செய்வது ஜிமெயில், யாகூ போன்ற பெறும் பக்கம்தான்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தன. அதில் அடிக்கடி அடிபடும் மூன்று பெயர்கள், எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கூரியர் கதையாக யோசித்தால் புரிந்துவிடும். 'என் பார்சலைக் கொண்டுவர இந்த ஆட்களுக்குத்தான் அனுமதி' என்ற பட்டியல் எஸ்.பி.எஃப். வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று காட்டும் அரக்கு முத்திரை டி.கே.ஐ.எம். இந்தச் சோதனைகளில் தேறாத பார்சலை என்ன செய்ய வேண்டும் என்று வாசலில் இருப்பவருக்குச் சொல்லி வைப்பது டிமார்க்.

ஒரு நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புபவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். விலகியவர் பெயரை 2 நாட்களுக்குள் நீக்க வேண்டும். 'நாங்க 3,000 பேருக்குத்தானே அனுப்புறோம்' என்றால்? முதல் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் தேவை. மூன்றையும் செய்து வைப்பதே பாதுகாப்பு.

இதற்கெல்லாம் அடிப்படை, கடைக்கென்று ஒரு சொந்த டொமைன். கடையின் பெயர் அட் ஜிமெயில் டாட் காம் என்ற முகவரியை வைத்துக்கொண்டு வேறொரு தளத்திலிருந்து மொத்தமாக அனுப்பினால், ஜிமெயிலே அதை ஆள்மாறாட்டமாகப் பார்க்கும். தளத்துக்குக் காசு கட்டுவதற்கு முன், டொமைனுக்குக் கட்டுங்கள்.

அடுத்தது ஸ்பேம் பட்டன். புகார் விகிதம் 0.3%-ஐத் தொடக் கூடாது என்பது கூகுளின் விதி. 3,000 மெயிலில் வெறும் 9 பேர் ஸ்பேம் என்று அழுத்தினாலே எல்லை வந்துவிடும். கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டுகள், யாரோ விற்ற 'ஒரு லட்சம் மெயில் ஐடி' பென்டிரைவ் போன்றவற்றிலிருந்து பட்டியல் தயாரித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல தளங்கள் விலைக்கு வாங்கிய பட்டியலை ஏற்பதில்லை. தெரிந்தால் கணக்கையே முடக்கும். இது வணிகருக்கு நல்லதுதான். சின்ன வாடிக்கையாளர்களின் மெயில்கள் பொதுவான சர்வர்களிலிருந்துதான் போகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொட்டினால் தெருவுக்கே கெட்ட பெயர்.

3. தமிழ் சரியாக வருமா?

எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இருக்காது. ஆனால், தமிழில் அனுப்பப் போகிறவர்களுக்கு முக்கியமானது.

ஒரு மெயிலின் அளவு சுமார் 102 கேபி-யைத் தாண்டினால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு லிங்க் கொடுக்கும். கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் 'ம' என்பதற்கே 3 பைட், 'மி' என்றால் 6 பைட். எனவே தமிழ் மெயில் சீக்கிரம் கனத்துவிடும். வெட்டுப்பட்டால் முதலில் மறைவது மெயிலின் அடியில் இருக்கும் 'விலகும்' லிங்க். அது தெரியாவிட்டால், கை போவது ஸ்பேம் பட்டனுக்குத்தான்.

பெயர் போட்டு அழைக்கும் வசதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 'கவிதாவுக்கு', 'முருகனுக்கு' என்று பெயரோடு உருபு சேரும் விதத்தைத் தளம் அறியாது. 'கவிதாக்கு ஸ்பெஷல் ஆஃபர்' என்று போய் நிற்கும். 'வணக்கம் கவிதா' என்று பெயர் தனியாக நிற்கும்படி எழுதிவிட்டால் பிரச்னை இல்லை. பதிவுப் படிவம், விலகும் பக்கம் ஆகியவற்றின் வாசகங்களைத் தமிழில் மாற்ற முடிகிறதா என்பதையும் டிரையல் காலத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

4. ரிப்போர்ட்டில் காட்டும் எண்ணை நம்பலாமா?

'40% பேர் மெயிலைத் திறந்தார்கள்' என்று டாஷ்போர்டு காட்டினால் உடனே ஸ்வீட் எடுக்க வேண்டாம். ஆப்பிள் 2021-ல் ஐஓஎஸ் 15-உடன் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அதன் மெயில் ஆப்பில் வரும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறந்ததைக் கணக்கிட உதவுவது மெயிலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டிப் படம்தான் என்பதால், பார்க்காதவரும் பார்த்தவராகப் பதிவாகிறார்.

லிங்கை எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், அதில் எத்தனை ஆர்டர் வந்தது என்பதே உருப்படியான எண். ஆகவே, உங்கள் கடையின் வெப்சைட்டோடு இணைந்து விற்பனையைக் காட்டும் தளமா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், மெயிலுக்கென்று ஒரு தனி கூப்பன் கோடு போட்டாலே பாதி வேலை முடிந்தது.

5. வேண்டாம் என்றால் வெளியேற முடியுமா?

வாடகை வீட்டுக்குப் போகும்போது காலி செய்யும் நிபந்தனையைப் படிப்பதில்லையா, அது மாதிரிதான் இதுவும். ட்விட்டர் 2021-ல் வாங்கிய 'ரெவ்யூ' என்ற நியூஸ்லெட்டர் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. மெயில்சிம்ப் வசமிருந்த 'டைனிலெட்டர்' 2024 பிப்ரவரி 29-ல் மூடப்பட்டது. மெயில்சிம்பே 2021-ல் சுமார் 1,200 கோடி டாலருக்கு இன்ட்யூட் நிறுவனத்திடம் கைமாறியது. தளங்கள் வரும், போகும், விலை மாறும். பட்டியல் மட்டும் கடைக்காரர் கையில் இருக்க வேண்டும்.

பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக இறக்க முடிகிறதா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள். இறக்கும்போது விலகியவர்களின் பட்டியலையும் சேர்த்தே எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் புதுத் தளத்துக்கு மாறினால், 'வேண்டாம்' என்றவர்களுக்கே மறுபடியும் மெயில் போகும். டெம்ப்ளேட்டுகளும் தானியங்கி மெயில் வரிசைகளும் பெரும்பாலும் கூட வராது. மாறிய பிறகும் ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பாமல், அடிக்கடி வாங்குபவர்களில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை. பில் போட வாங்கிய மெயில் ஐடிக்கு ஆஃபர் அனுப்பலாமா என்றால், அதற்குத் தனியாகக் கேட்டுவிடுவதே சரி. யார், எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில் ஒப்புக்கொண்டார் என்பதைப் பதிந்து வைக்கும் தளமாக இருந்தால் நிம்மதி.

சரி, எதைத்தான் எடுக்கிறது?

பெரிய பட்டியல், மாதம் ஒன்றிரண்டு மெயில் என்றால், மெயிலை எண்ணும் தளம். பட்டியல் சின்னது, வாரத்துக்கு இரண்டு மூன்று மெயில் என்றால், ஆளை எண்ணும் தளம். ஏற்கெனவே பில்லிங், வாடிக்கையாளர் விவரமெல்லாம் ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் ஓடுகிறது என்றால், அதே நிறுவனத்தின் மெயில் சேவையை முதலில் பார்க்கலாம்.

எதுவானாலும் முதல் நாளே ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். ஒரு மாதத் திட்டம் போதும். வீட்டிலும் நண்பர்களிடமும் இருக்கும் நான்கைந்து வெவ்வேறு போன்களுக்கு ஒரு தமிழ் மெயில் அனுப்பிப் பாருங்கள். இன்பாக்ஸா, புரமோஷன்ஸா, ஸ்பேமா என்று பாருங்கள். விலகும் லிங்கை அழுத்தி, உண்மையிலேயே விலக முடிகிறதா என்றும் பாருங்கள். பட்டியலை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். இந்த நான்கும் சரியாக நடந்தால், அப்புறம் ஆற அமர டெம்ப்ளேட் கலர் பார்க்கலாம்.