ஏர்கோனை 18-இல் வைத்தாலும் அறை ஏன் பிசுபிசுக்கிறது? பொறியாளர்களின் வரைபடம் சொல்லும் பதில்

பங்சார் எல்.ஆர்.டி நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள குளிரான அலுவலகத்தில் இருந்து மத்தியானம் சாப்பிட வெளியே வருகிறீர்கள். கதவைத் தாண்டியதும் மூக்குக்கண்ணாடி மங்கிவிடுகிறது. மாமாக் கடையில் உட்கார்ந்தால், தே ஐஸ் கிளாஸுக்கு வெளியே தண்ணீர் வழிகிறது. கிளாஸ் ஒழுகவில்லை. அந்தத் தண்ணீர் காற்றில் இருந்து வந்தது.

வீட்டுக்குப் போனதும் ரிமோட்டை எடுத்து 18-க்குத் தட்டுகிறோம். ஆனால் நம்ம ஊரில் ஏர்கோனின் பெரிய வேலை சூட்டைக் குறைப்பது மட்டுமில்லை. காற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீரைப் பிழிந்து எடுப்பதும்தான். இந்த இரண்டு வேலையையும் ஒரே தாளில் காட்டுவது 'சைக்ரோமெட்ரிக் சார்ட்'. எளிமையாக, ஈரக்காற்று வரைபடம் எனலாம்.

எங்கிருந்து வந்தது?

1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்குச் சிக்கல். ஈரக் காற்றில் காகிதம் விரிந்து, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. அதைத் தீர்க்கும் வேலை வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளருக்கு வந்தது. ஆக, நவீன ஏர்கோன் பிறந்ததே ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரக் காற்றின் கணக்கை அவர் 1911-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்தார். இன்றும் குளிரூட்டல் பொறியாளர்கள் அந்த வழியில் வந்த வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள்.

எப்படிப் படிப்பது?

அடிக்கோட்டில் வெப்பநிலை. வலப்பக்கச் செங்குத்துக் கோட்டில், ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்ற அளவு. இடப்பக்கம் மேலே வளைந்து போகும் கோடு 100 சதவீத ஈரப்பதம். அதைத் தாண்டி காற்றால் நீராவியைத் தாங்க முடியாது.

காற்றைக் குளிர்வித்தால், அது இருக்கும் புள்ளி நேராக இடப்பக்கம் நகரும். வளைகோட்டைத் தொட்டதும் நீராவி தண்ணீராக மாறத் தொடங்கும். அந்த வெப்பநிலைதான் பனிப்புள்ளி. உங்கள் கண்ணாடி மங்கியது ஏன்? அது வெளிக்காற்றின் பனிப்புள்ளியை விடக் குளிராக இருந்தது, அவ்ளோதான்.

நம்ம ஊர்க் காற்றின் கணக்கு

கட்டடங்களின் மின்சக்திப் பயன்பாடு பற்றிய மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525. அதன் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு, வெளிக்காற்றை 33.3 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலை, 27.2 டிகிரி. அறைக்குள் 24 முதல் 26 டிகிரியும், 50 முதல் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கலாம் என்கிறது.

வரைபடத்தில் வெளிக்காற்றின் புள்ளியைக் குறித்தால், ஒரு கிலோ காற்றில் சுமார் 20 கிராம் நீராவி; பனிப்புள்ளி 25 டிகிரி. 24 டிகிரி, 55 சதவீதம் உள்ள அறையிலோ சுமார் 10 கிராம்தான். பாதியை வெளியேற்ற வேண்டும்.

3 மீட்டருக்கு 4 மீட்டர் படுக்கையறையில் இருக்கும் காற்றுக்கு மட்டும் இது ஏறக்குறைய 350 மில்லி தண்ணீர். ஒரு டின் குளிர்பானத்தை விடக் கொஞ்சம் அதிகம்!

இதற்கு ஆகும் சக்தி? ஒரு கிலோ வெளிக்காற்றை அறைக்காற்றாக மாற்ற, சுமார் 35 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். அதில் 26 கிலோஜூல் நீராவியைத் தண்ணீராக்க. சூட்டைக் குறைக்க 9 தான். கதவைத் திறந்து வைத்தால் மின்கட்டணம் எகிறுவது இதனால்தான். வெளிச்சூடு மட்டுமில்லை, வெளியீரமும் உள்ளே வருகிறது.

அப்படியானால் 18?

18-ஐத் தட்டினால் அறை சீக்கிரம் குளிராது. சாதாரண ஏர்கோனின் கம்ப்ரஸர் ஒன்று ஓடும், இல்லையென்றால் நிற்கும். நீங்கள் 24 வைத்தாலும் முதலில் அதே வேகத்தில்தான் ஓடும்.

அதோடு ஒரு வம்பு. 10 கிராம் நீராவி 24 டிகிரியில் 55 சதவீத ஈரப்பதம். அதே நீராவி 18 டிகிரியில் 80 சதவீதம்! ஈரத்தையும் சேர்த்து எடுக்காமல் வெறுமனே குளிர்வித்தால், அறை குளிர்ந்த குகை மாதிரி ஆகிவிடும். சுவரில் பூஞ்சை வரும்.

சின்ன அறைக்குப் பெரிய ஏர்கோன் போட்டால் இதுதான் நடக்கும். அது சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய நேரம் கிடைக்காது. அதனால்,

• அறைக்கு ஏற்ற குதிரைத்திறன் வாங்குங்கள்; 'பெரிசு நல்லது' என்று நினைக்காதீர்கள்.
• 24 அல்லது 25-இல் வைத்து மின்விசிறியைப் போடுங்கள்.
• ஏர்கோன் அறைக்குள் ஈரத்துணி காயப்போடாதீர்கள்.
• மழை நாளில் சூடு இல்லாமல் பிசுபிசுப்பு மட்டும் இருந்தால், ரிமோட்டில் 'டிரை' பொத்தானை முயன்று பாருங்கள்.

ஏர்கோன் இல்லாதவர்களுக்கு?

இந்த வரைபடம் மின்கட்டணத்துக்கு மட்டுமல்ல. நம் உடலின் ஏர்கோன் வியர்வை. அது காய்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் கூடினால் காயாது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் மனித உடல் தாங்காது என்று 2010-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பின்னர் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரம் மிகுந்த சூழலில் எல்லை சுமார் 31 டிகிரியிலேயே வந்துவிட்டது.

நம் கட்டடக் கணக்கில் வரும் 27.2-க்கும் அதற்கும் இடைவெளி 4 டிகிரிகூட இல்லை. பங்சார் சாலையில் மோட்டார் சைக்கிளில் உங்கள் சாப்பாட்டைக் கொண்டு வருபவரும், கட்டுமானத் தளத்தில் வேலை செய்பவரும் வேலை பார்ப்பது அந்தக் காற்றில்தான்.

அடுத்த முறை வானிலைச் செய்தியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் ஈரப்பதத்தையும் பாருங்கள். வெயிலில் நிற்பவருக்கு அந்த இரண்டாவது எண் உயிர்ப் பிரச்சினை.