கடவுச்சொல்லைப் பூட்டினால் கணக்கு மூடுமா?

அலுவலகத்தை விட்டு ஓர் ஊழியர் விலகுகிறார். அவருடைய கணினிக் கணக்கை மூட வேண்டும். கடவுச்சொல்லைப் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் கணினிகளில் அது மட்டும் போதாது. காரணத்தை அறிய, அந்த விவரங்கள் எங்கே எழுதப்படுகின்றன என்று பார்க்க வேண்டும்.

யூனிக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ‘பாஸ்வேர்ட்’ கோப்பில் ஒரு வரி உண்டு. பெயர், அடையாள எண் முதலிய 7 விவரங்கள் அதில் இருக்கும். கணினிக்குள் நுழைந்த எவரும் இதைப் படிக்கலாம். முன்பு கடவுச்சொல்லும் இங்கேயே இருந்தது. ஆனால், திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி உருமாற்றப்பட்டிருந்தது. 1979-இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் இம்முறையை ஒரு கட்டுரையில் விளக்கினர்.

கணினிகளின் வேகம் கூடக் கூட, அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாக உருமாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று. ஆகவே கடவுச்சொல் ‘ஷேடோ’ எனப்படும் நிழல் கோப்புக்கு மாற்றப்பட்டது. சாதாரணப் பயனர் அதைத் திறக்க முடியாது.

லினக்ஸின் நிழல் கோப்பில் ஒரு வரிக்கு 9 இடங்கள். 3-ஆவது இடம், கடவுச்சொல் கடைசியாக மாற்றப்பட்ட நாள். 5-ஆவது, அது எத்தனை நாள் செல்லும் என்பது. 8-ஆவது, கணக்கே முடியும் நாள். தேதிகள் 1970 ஜனவரி 1 முதல் நாள் கணக்கில் எழுதப்படும். 20000 என்றிருந்தால் அது 2024 அக்டோபர் 4.

5-ஆவது இடத்திற்கும் 8-ஆவது இடத்திற்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். கடவுச்சொல்லின் காலம் முடிந்தால், புதியதை வைக்கும்படி கணினி கேட்கும். வைத்தால் உள்ளே விடும். கணக்கின் காலம் முடிந்தாலோ அனுமதியே இல்லை.

கடவுச்சொல்லைப் பூட்டும்போது, உருமாறிய சொல்லுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்கிறது, அவ்வளவுதான். அந்த ஊழியர் ‘எஸ்.எஸ்.எச்.’ சாவி வைத்திருந்தால், கடவுச்சொல் இல்லாமலேயே பல கணினிகளில் அவர் நுழைந்துவிட முடியும். அதனால் 8-ஆவது இடத்தில் கடந்துபோன ஒரு நாளை எழுத வேண்டும். 1 என்று போட்டால் 1970 ஜனவரி 2. கணக்கு எப்போதோ முடிந்ததாகிவிடும்.

ஒப்பந்த ஊழியருக்கும் பயிற்சி மாணவருக்கும் கணக்கைத் திறக்கும் அன்றே அந்த இடத்தை நிரப்பிவிடலாம். அவர்கள் விலகும் நாளை யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை.