சுளுக்கிய காலுக்கு அசைவும் மருந்து!

மாணவர்களே, ஷா ஆலம் திடல் ஒன்றில் காற்பந்து விளையாடுகிறீர்கள். பந்தைத் துரத்தும்போது பாதம் உட்பக்கமாக மடங்கி, கணுக்கால் வீங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "நல்லா ஆகும்வரை காலை அசைக்காதே!" முதல் ஓரிரு நாள்களுக்கு இது சரி. அதையே மூன்று வாரம் கடைப்பிடித்தால், நோவு குறைந்தாலும் கால் பலவீனமாகிவிடும். ஏன்?

உள்ளே நடப்பது என்ன?

எலும்பை எலும்போடு இணைப்பது தசைநார். சுளுக்கின்போது அதன் இழைகள் அளவுக்கு மீறி இழுபடும். சில அறுந்தும் போகும். முதல் சில நாள்கள் வீக்கமும் சூடும் இருக்கும். பிறகு உடல் கொலாஜன் என்ற புரத இழைகளால் காயத்தை அடைக்கத் தொடங்கும். அந்தப் புது இழைகள் முதலில் சிக்கலான நூல்போல் தாறுமாறாகக் கிடக்கும். காலுக்கு அளவான வேலை கொடுத்தால், செல்கள் அந்த இழுவிசையை உணர்ந்து, இழைகளை அதே திசையில் சீராக அமைக்கின்றன. அசைவு, உடலுக்கு நாம் அனுப்பும் கட்டளை!

எலும்பும் அப்படித்தான். தான் தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் விளக்கினார். நம் நாட்டின் ஷேக் முஸாபர் 2007-இல் சென்று வந்த அனைத்துலக விண்வெளி நிலையத்தில், வீரர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். செய்யாவிட்டால், உடல் எடையைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 விழுக்காட்டுக்கும் மேல் அடர்த்தியை இழக்கக்கூடும்.

மாறிய அறிவுரை

அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978-இல் ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் பரிந்துரைத்தார். உலகமே பின்பற்றியது. புதிய ஆய்வுகளைப் பார்த்த அவரே 2014-இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். அறிவியல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் விதம் இது.

அளவுதான் முக்கியம்

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சையின் கலையே, எவ்வளவு அசைவு, எப்போது என்று கணிப்பதுதான். முதலில் கால் கட்டைவிரலால் காற்றில் 'அ, ஆ, இ' எழுதச் சொல்வார்கள். அடுத்து குதிகாலை உயர்த்துதல், ஒற்றைக்காலில் நிற்றல். பிறகுதான் குதித்தல், ஓடுதல், சட்டெனத் திரும்புதல். ஒற்றைக்காலில் நிற்பது விளையாட்டல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணரிகளும் சுளுக்கில் பாதிக்கப்படுகின்றன. அவற்றைப் பழக்காமல் களமிறங்குபவருக்கு, அதே கால் மீண்டும் சுளுக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

பயிற்சியின்போது லேசான நோவு இருக்கலாம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2012 மே மாதம் தாமஸ் கிண்ணப் போட்டியில் கணுக்காலில் காயமடைந்தார். ஆகஸ்டு 5-ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் லின் டானிடம் மூன்றாம் செட்டில் 19-21 என்றுதான் தோற்றார். ஆனால், அவருடைய கால அட்டவணையை நீங்கள் பின்பற்றக்கூடாது. அவரைச் சுற்றி நிபுணர்கள் இருந்தார்கள்.

உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்

அடிபட்டபின் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லையா? கணுக்கால் எலும்பை அழுத்தினால் கடுமையாக நோகிறதா? எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

முறிவு இல்லை என்று உறுதியானதும் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?" என்பதல்ல, "எந்த அசைவை இன்று தொடங்கலாம்?" என்பதே!