அரிவாள் நகம் அறுத்ததா, பிடித்ததா?

‘ஜுராசிக் பார்க்’ படத்தின் தொடக்கத்தில், தொல்லுயிர் ஆய்வாளர் ஒருவர் வளைந்த நகம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பார். அகம்பாவமாகப் பேசிய சிறுவனின் வயிற்றருகே அதைக் கொண்டுபோய், அந்த விலங்கு எப்படிக் கிழிக்கும் என்று காட்டி அவனை வெலவெலக்கச் செய்வார். படம் 1993இல் வந்தது. டைனோசர் நக நகல்களுக்கு உள்ள மவுசில் பெரும்பங்கு அந்தக் காட்சிக்கே சேரும். அருங்காட்சியகக் கடைகளிலும் இணையத்திலும் இன்றும் அவை விற்பனையாகின்றன.

படத்தில் அந்த விலங்கின் பெயர் வெலாசிராப்டர். உண்மையான வெலாசிராப்டர் 1923இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் கிடைத்தது. மறு ஆண்டு ஹென்றி ஆஸ்பர்ன் அதற்குப் பெயரிட்டார். இறகு போர்த்த, வான்கோழி உயரமே உள்ள விலங்கு அது. கால் நகத்தின் நீளம் சுமார் 6.5 சென்டிமீட்டர்தான். திரையில் ஆளுயரத்துக்கு நின்று மிரட்டியது, அதன் அமெரிக்க உறவினரான டைனோனைக்கஸின் பெரிதாக்கப்பட்ட வடிவம். கதை எழுதிய மைக்கேல் கிரைட்டன், பெயரில் விறுவிறுப்பு வேண்டும் என்பதற்காக வெலாசிராப்டரைத் தேர்ந்துகொண்டார். ஆகவே, உள்ளங்கை நிறைய ஒரு நகத்தை வைத்து ‘வெலாசிராப்டர், அசல் அளவு’ என்று எவராவது விற்றால் நம்ப வேண்டாம்.

டைனோனைக்கஸை 1964இல் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், ஒரு சரிவிலிருந்து நகம் துருத்திக்கொண்டிருந்த நிலையில் கண்டவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரோமும் அவருடைய உதவியாளர் கிராண்ட் மேயரும். 1969இல் ஆஸ்ட்ரோம் அதை விவரித்து எழுதினார். மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், பெரிய நாயின் எடை, ஏறத்தாழ 11 கோடி ஆண்டுப் பழமை. காலின் இரண்டாம் விரலில் மட்டும் அரிவாள்போல் வளைந்த பெரிய நகம். நடக்கும்போது அந்த விரலைத் தரையில் படாமல் தூக்கியே வைத்திருந்தது. கூர் மழுங்காமல் இருக்க அதுதானே வழி? சீனாவின் ஷாண்டாங்கில் கிடைத்த இதன் உறவினங்களின் தடங்களில் இரண்டே விரல்கள் பதிந்திருப்பது இதற்குச் சாட்சி. டைனோசர் என்றால் மந்தமான பெரும்பல்லி என்றிருந்த எண்ணத்தை அந்த நகம் ஆட்டம் காண வைத்தது. இப்படி ஒரு கருவியைப் பயன்படுத்த, ஒற்றைக் காலில் நிற்கவும் பாயவும் தெரிந்த சுறுசுறுப்பான உடல் வேண்டும் என்று ஆஸ்ட்ரோம் வாதிட்டார்.

நல்ல நகல் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். அடிப்பகுதியில் விரலெலும்போடு பொருந்தும் குழிவான மூட்டு இருக்கும். அதற்குக் கீழே ஒரு புடைப்பு. நகத்தைக் கீழ்நோக்கி இழுத்த தசைநாண் பற்றியிருந்த இடம் அது. புடைப்பு எவ்வளவு பெரிதோ, இழுப்பு அவ்வளவு வலு. இரு பக்கங்களிலும் நுனிவரை ஒரு பள்ளம் ஓடும். எலும்பைப் போர்த்தியிருந்த கெரட்டின் உறை அங்கேதான் பொருந்தியிருந்தது. நம் நகமும் மாட்டுக் கொம்பின் மேலுறையும் அதே பொருள்தான். அது பெரும்பாலும் மட்கிவிடும். கல்லாக எஞ்சுவது உள்ளெலும்பு மட்டுமே. உயிரோடிருந்தபோது நகம் இன்னும் நீளம், இன்னும் கூர். நகலில் பூசியிருக்கும் கருப்பும் பழுப்பும்கூட விலங்கின் நிறமல்ல, மண்ணில் ஊறிய கனிமங்களின் நிறம்.

செய்முறையில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. அசல் புதைபடிவத்தைச் சுத்தம் செய்து, விரிசல்களை இறுக்கி, மேலே சிலிக்கான் ரப்பரை ஊற்றி இரு பாதிகளாக அச்சு எடுப்பார்கள். அதில் ரெசினை வார்த்து, காற்றுக்குமிழி தங்காமல் பார்த்து, இறுகியதும் பிரித்து, இணைப்புக் கோட்டை அரம் போட்டுத் தேய்த்து வண்ணம் தீட்டுவார்கள். இப்போது ஸ்கேன் செய்து முப்பரிமாணத்தில் அச்சிடுவதும் உண்டு.

நகல் என்றால் அலமாரி அலங்காரம் என்று நினைப்போம். ஆனால் படத்தில் பார்த்த அந்த வயிறு கிழிக்கும் கதையைச் சோதித்துப் பார்த்ததே ஒரு நகல் நகம்தான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பில் மேனிங் குழு, இயந்திரக் கால் ஒன்றில் நகல் நகத்தைப் பொருத்தி, செத்த விலங்கின் உடலில் ஓங்கி உதைக்க வைத்தது. முடிவு 2006இல் வெளியானது. தோல் கிழியவில்லை. நகம் குத்தி உள்ளே இறங்கியது. இழுத்தபோது சதை சுருண்டு நகத்தின் உள்வளைவில் சேர்ந்துகொண்டது. காரணம் எளிது: நகத்தின் உள்விளிம்பு கத்திபோல் மெலிந்ததல்ல, உருண்டது. மண்டியில் மூட்டை தூக்குபவர் கையிலிருக்கும் கொக்கியைப் போல, குத்தி மாட்டி இழுக்கத்தான் அது தோது.

பிறகு 2011இல் டென்வர் ஃபவுலரும் சகாக்களும் கழுகு, வல்லூறு ஆகியவற்றின் கால்களோடு ஒப்பிட்டு இன்னொரு படி போனார்கள். டைனோனைக்கஸ் தன்னைவிடச் சிறிய இரையின் மேல் ஏறி, நகத்தால் அழுத்திப் பிடித்து, சிறகுக் கைகளை அடித்துச் சமநிலை காத்தபடி, உயிரோடேயே கொத்தித் தின்றிருக்கும் என்பது அவர்கள் கருத்து. கிழிப்பதைவிட இது கொடூரம். எனக்கு இதுதான் நம்பத்தகுந்ததாகவும் படுகிறது. 1971இல் மங்கோலியாவில் கிடைத்த புகழ்பெற்ற ஜோடிப் படிவமும் இதோடு ஒத்துப்போகிறது. வெலாசிராப்டரும் புரோட்டோசெராடாப்ஸ் என்ற தாவர உண்ணி டைனோசரும் கட்டிப் புரண்ட நிலையிலேயே மணலில் புதைந்திருந்தன. வெலாசிராப்டரின் கால் நகம் மற்றதன் கழுத்தருகே. மற்றதன் அலகு இதன் கையைக் கவ்வியபடி.

எல்லா நகமும் இதே வேலைக்கு அல்ல. 1983இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், வில்லியம் வாக்கர் என்ற குழாய் பழுது பார்ப்பவர் ஒரு களிமண் குழியில் பெரிய நகத்தைக் கண்டெடுத்தார். வளைவோடு அளந்தால் 31 சென்டிமீட்டர். அந்த விலங்குக்கு அவர் பெயரையும் சேர்த்து பேரியோனிக்ஸ் வாக்கெரி என்றே பெயர் வைத்தார்கள். இந்த நகம் கையில் இருந்தது. வயிற்றுப் பகுதியில் மீன் செதில்கள் கிடைத்ததால், மீனைக் கொக்கி போட்டு எடுக்க உதவியிருக்கலாம் என்கிறார்கள். அதே வயிற்றில் இகுவானோடான் என்ற டைனோசர் குட்டியின் எலும்பும் இருந்தது என்பதால் வெறும் மீன்தின்னி என்று முத்திரை குத்த முடியாது. நகங்களிலேயே நீளமானது மங்கோலியாவின் தெரிசினோசாரஸுடையது. அரை மீட்டரைத் தாண்டும். கடைக்காரர்கள் அதையும் ‘கொலைகார நகம்’ என்றே விற்கிறார்கள். அது இலைதழை தின்ற விலங்கு.

நகல் வாங்க நினைப்பவர்கள் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சொல்லும் நீளம் வளைவோடு அளந்ததா, நுனிக்கும் அடிக்கும் நேராக அளந்ததா? எந்த அருங்காட்சியகத்தின் எந்தப் படிவத்திலிருந்து வார்த்தது? டைனோனைக்கஸ் என்றால் யேல் பீபாடி அருங்காட்சியகத்தின் 5205ஆம் எண் படிவம் மூலமாதிரி. இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் இருப்பது பெரும்பாலும் கற்பனையில் செதுக்கியதாகத்தான் இருக்கும். அதற்கு நகல் விலை கொடுக்காதீர்கள்.