முஹம்மத் அலி: மறுக்கத் தெரிந்தவர், நிறுத்தத் தெரியாதவர்

குத்துச்சண்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. முஹம்மத் அலி என்ற பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் வீடு அரிது. வாப்பாவோ நாநாவோ அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசக் கேட்டிருப்பீர்கள். அவர் யாரை எத்தனையாவது சுற்றில் வீழ்த்தினார் என்ற கணக்கை அவர்களே சொல்லட்டும். நாம் பார்க்கப் போவது வேறொரு கணக்கு.

உலகின் பலம் பொருந்திய அரசாங்கம் ஒன்றின் முன்னால் நின்று "முடியாது" என்று சொன்னவர் அவர். அதே மனிதரால் தனது தொழிலைப் பார்த்து "போதும்" என்று சொல்ல முடியவில்லை. முதலாவது அவருக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது. இரண்டாவது அவருடைய பேச்சையும் நடையையும் பறித்துக்கொண்டது. பிள்ளைகளை வளர்க்கும் நாம் இந்த இரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

களவு போன சைக்கிள்

1942 ஜனவரி 17ஆம் திகதி, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லூயிவில் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கசியஸ் மார்செலஸ் கிளே. தந்தை விளம்பரப் பலகைகள் எழுதுபவர். தாய் ஒடெஸா, வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துப்புரவு செய்தும் உழைத்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே மகன் கையை வீசித் தன் பல்லை ஆட்டிவிட்டான் என்று அந்தத் தாய் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

பன்னிரண்டு வயதில், 1954ஆம் ஆண்டு, அவரது புதிய சைக்கிள் களவு போனது. அழுதுகொண்டே முறையிடப் போன சிறுவன், எடுத்தவனை அடித்து நொறுக்கப் போவதாகச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த பொலிஸ்காரர் ஜோ மார்ட்டின், அப்படியானால் முதலில் சண்டை போடக் கற்றுக்கொள் என்று புத்தி சொன்னார். அதே கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் அவர் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கி வந்தார். ஒரு சிறுவனின் கோபத்தை ஒழுங்கான பயிற்சியாக மாற்றிவிட்ட அந்த மனிதரையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். ஆறு ஆண்டுகளில், 1960 ரோம் ஒலிம்பிக்கில், பதினெட்டு வயது கசியஸ் தங்கப் பதக்கம் வென்றார். ஆனால் பதக்கத்தோடு ஊர் திரும்பியபோதும், கறுப்பினத்தவரை உள்ளே விடாத உணவுச்சாலைகள் லூயிவிலில் அப்படியே இருந்தன.

புதிய பெயர்

1964 பெப்ரவரி 25ஆம் திகதி மயாமி பீச் நகரில், எல்லோரும் அஞ்சிய சொனி லிஸ்டனை எதிர்த்து நின்றார். தோற்றுப்போவார் என்றே பெரும்பாலானோர் எண்ணினர். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஆசனத்தை விட்டு எழும்பவில்லை. இருபத்திரண்டு வயதில் அதிபாரப் பிரிவின் உலக சம்பியன்!

அடுத்த சில நாட்களில் அவர் தனது மார்க்கத்தை வெளிப்படையாக அறிவித்தார். முஹம்மத் அலி என்ற பெயரும் வந்தது. அவர் முதலில் சேர்ந்தது 'நேஷன் ஒஃப் இஸ்லாம்' என்ற அமைப்பில். அதன் கொள்கைகளில் சில உலக முஸ்லிம்களின் நம்பிக்கைக்கு மாறானவை. 1972இல் அலி ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். 1975இல் அமைப்பின் தலைவர் எலைஜா முஹம்மத் இறந்த பின்னர், அவருடைய மகன் வாரித் தீன் முஹம்மதைப் பின்பற்றி ஸுன்னத் வல் ஜமாஅத் வழிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் பெயரை அவர் எவ்வளவு மதித்தார் என்பதற்கு ஒரு செய்தி. ஹொலிவூட் நகரில் புகழ் பெற்றவர்களின் பெயர்களை நட்சத்திர வடிவில் நடைபாதையில் பதிப்பது வழக்கம். 2002இல் அலிக்கும் அந்தக் கௌரவம் கிடைத்தது. நபிகள் நாயகத்தின் பெயரை மக்கள் மிதித்து நடப்பதை அவர் விரும்பவில்லை. ஆகவே அவரது நட்சத்திரம் மாத்திரம் சுவரிலே பதிக்கப்பட்டது.

"முடியாது" என்ற சொல்லின் விலை

வியட்நாம் போர் நடந்த காலம் அது. 1967 ஏப்ரல் 28ஆம் திகதி, ஹூஸ்டன் நகரில் இராணுவத்தில் சேர்ப்பதற்காக அவரது பெயர் அழைக்கப்பட்டது. முன்னே அடியெடுத்து வைக்க வேண்டும். அலி அசையவில்லை. தன் மார்க்கமும் மனச்சாட்சியும் அந்தப் போருக்கு இடம் தரவில்லை என்றார். தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத மக்களை ஏன் கொல்ல வேண்டும் என்பது அவரது கேள்வி.

அவர் சேர்ந்திருந்தால் துப்பாக்கி தூக்க வேண்டி வந்திராது என்றே பலரும் எண்ணினர். இரண்டாம் உலகப் போரில் சம்பியன் ஜோ லூயிஸ் படையில் சேர்ந்து, வீரர்களின் முன்னால் காட்சிப் போட்டிகளில் ஆடியே காலத்தைக் கழித்திருந்தார். அந்தச் சுலபமான வழியை அலி நாடவில்லை.

அன்றைய தினமே நியூயோர்க் குத்துச்சண்டை ஆணைக்குழு அவரது அனுமதிப்பத்திரத்தை நிறுத்தியது. சம்பியன் பட்டமும் பறிபோனது. ஜூன் மாதத்தில் ஐந்து ஆண்டுச் சிறையும் 10,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீடு செய்து பிணையில் இருந்தாலும் கடவுச்சீட்டு இல்லாததால் வெளிநாடு போயும் உழைக்க முடியாது. 1967 ஓகஸ்டில் அவர் பெலிண்டாவை மணமுடித்தார். அடுத்த ஆண்டு முதல் பெண் குழந்தை பிறந்தது. ஒரு இளங்குடும்பத்தின் வருமானம் அடைபட்டுக் கிடந்த காலத்தில் பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவாற்றி அவர் பிழைத்தார்.

இருபத்தைந்து வயது முதல் இருபத்தெட்டு வயது வரை ஒரு வீரனின் பொற்காலம். அலியின் அந்த மூன்றரை ஆண்டுகளும் வீணாயின. 1971 ஜூன் 28ஆம் திகதி உயர் நீதிமன்றம் எட்டு நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பால் அவரது தண்டனையை நீக்கியது. தீர்ப்பு வந்தது, இளமை திரும்பி வரவில்லை.

கால்கள் தளர்ந்த பின்

இங்கேதான், சகோதரிகளே, நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. இளம் அலி அதிகம் அடி வாங்கியவர் அல்லர். அவருடைய கால்கள் அவரைக் காப்பாற்றின. 1970இல் மீண்டும் மேடையேறியபோது அந்த வேகம் குறைந்திருந்தது. இனி அடியைத் தாங்கியே வெல்ல வேண்டும்.

1971 மார்ச்சில் ஜோ பிரேசியரிடம் தன் முதல் தோல்வியைக் கண்டார். 1973இல் கென் நோர்ட்டன் அவரது தாடையை உடைத்தார். 1974 ஒக்டோபர் 30ஆம் திகதி ஆபிரிக்காவின் ஸயீர் நாட்டில், கின்ஷாசா நகரில், தன்னைவிட ஏழு வயது இளையவரான ஜோர்ஜ் போர்மனைச் சந்தித்தார். கயிற்றில் சாய்ந்துகொண்டு போர்மனை அடிக்கவிட்டு, அவர் களைத்த வேளை பார்த்து எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். உலகமே அந்தத் தந்திரத்தை மெச்சியது. அதற்காக அவர் வாங்கிய அடிகளை யார் எண்ணினார்கள்? பயிற்சியின்போதும் உடலை உறுதியாக்குவதாக எண்ணி, தன்னை அடிக்கும்படி அவர் சகாக்களிடம் சொல்வதுண்டு.

1975 ஒக்டோபர் 1ஆம் திகதி மணிலாவில் பிரேசியருடன் மூன்றாவது மோதல். பதினான்கு சுற்றுகளின் பின், பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டதால் அவரது பயிற்றுவிப்பாளர் எடி ஃபுச் போட்டியை நிறுத்தினார். வென்ற அலியோ, மரணத்தை அண்மித்துப் பார்த்தது போல் இருந்தது என்றார். அலி ஓய்வு பெற அதைவிட நல்ல நாள் இருந்திருக்க முடியாது.

பதில் வராத கடிதம்

அலியின் வைத்தியர் பெர்டி பசேக்கோ. 1977 செப்டம்பரில் ஏர்னி ஷேவர்ஸுடன் நடந்த கடுமையான போட்டியின் பின், அலியின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டிருப்பதைப் பரிசோதனை அறிக்கை காட்டியது. அந்த அறிக்கையின் பிரதிகளை அவர் அலிக்கும், அப்போதைய மனைவி வெரோனிக்காவுக்கும், முகாமையாளருக்கும் அனுப்பினார். யாரிடமிருந்தும் பதில் வரவில்லை என்று பின்னாளில் எழுதினார். பசேக்கோ தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். போட்டி நடந்த மெடிசன் ஸ்குவயர் கார்டனின் ஏற்பாட்டாளரும், இனி இங்கே அலிக்குப் போட்டி தரமாட்டேன் என அறிவித்தார்.

அலி நிற்கவில்லை. 1978 பெப்ரவரியில் இளம் வீரர் லியோன் ஸ்பிங்ஸிடம் தோற்று, செப்டம்பரில் அவரையே வென்று மூன்றாவது முறையாகச் சம்பியனானார். 1979இல் ஓய்வை அறிவித்தவர், 1980 ஒக்டோபரில் எண்பது இலட்சம் டொலருக்காக லெரி ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் வந்தார். உடம்பைக் குறைக்க உட்கொண்ட தைரொயிட் மருந்து அவரைப் பலவீனமாக்கியிருந்தது. ஹோம்ஸ் ஒருகாலம் அலியின் பயிற்சித் தோழர். பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்றுவிப்பாளர் அஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். வென்ற ஹோம்ஸ் பின்னர் அழுதார். அதன் பிறகும் அலி ஒரு முறை மேடையேறி, 1981 டிசம்பரில் ட்ரெவர் பேர்பிக்கிடம் தோற்றார். மொத்தம் 61 போட்டிகள், 56 வெற்றிகள், 5 தோல்விகள். அந்த ஐந்தில் மூன்று 1978இலும் அதற்குப் பிறகும் வந்தவை.

நடுங்கிய கரங்கள்

1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய்க்குறிகள் இருப்பது கண்டறியப்பட்டது. கைகள் நடுங்கின, பேச்சு மங்கியது. தலையில் ஓயாமல் விழுந்த அடிகளுக்கு இதில் பங்குண்டு என்பது வைத்தியர்கள் பலரின் கருத்து. தலை அதிரும்போது உள்ளே மூளையும் குலுங்குகிறது. வெளிக்காயம் ஆறிவிடும். உள்ளே சேரும் சேதம் ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும்.

குடும்ப வாழ்க்கையிலும் அவர் குறையில்லாதவர் அல்லர். மூன்று திருமணங்கள் முறிந்தன. 1986இல் லொனியை மணமுடித்தார். லூயிவிலில் எதிர்வீட்டில் வளர்ந்த சிறுமி அவர். அந்த வணிக நிர்வாகப் பட்டதாரி, கணவரின் மருந்தையும் மானத்தையும் சேர்த்துக் காத்து, முப்பது ஆண்டுகள் அருகிலேயே இருந்தார். புகழின் உச்சியில் அலியைச் சூழ்ந்திருந்த கூட்டம் கலைந்த பின் எஞ்சியது இந்தப் பணிவிடைதான்.

நோய் அவரை வீட்டில் ஒடுக்கிவிடவில்லை. 1990இல் ஈராக் சென்று, அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த 15 அமெரிக்கரை அழைத்து வந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கரத்தால் தீபத்தை ஏற்றினார். நடுக்கத்தை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. 2016 ஜூன் 3ஆம் திகதி, எழுபத்து நான்காம் வயதில் வபாத்தானார். லூயிவிலில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஜனாஸா தொழுகை நடத்தினர். ஒருகாலம் அவருக்குக் கதவடைத்த ஊர் அது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

உங்கள் மகனோ மகளோ விளையாட விரும்பினால் தடுக்காதீர்கள். அலியின் மகள் லைலாவும் குத்துச்சண்டையில் 24 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் ஓய்வு பெற்றவர்தான். ஆனால் எந்த விளையாட்டிலும் தலையில் பலமாக அடிபட்டால், அன்று மீண்டும் ஆட விடாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். "ஒன்றுமில்லை உம்மா" என்று பிள்ளை சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இன்னொன்று, இது விளையாட்டுக்கு மட்டுமல்ல. அநியாயத்துக்கு "முடியாது" என்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறோம். அதற்குத் துணிவு வேண்டும். எதிரே நிற்பவர் மிரட்டுபவராக இருப்பார். "போதும்" என்று சொல்வது அதைவிடக் கடினம். அங்கே எதிரே நிற்பவர்கள் கைதட்டுபவர்கள், பணம் தருபவர்கள், நம்மை நேசிப்பவர்கள். இரவு பகலாகக் கடையில் நின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் கணவர், வெளிநாட்டில் இன்னும் ஒரே ஒரு வருடம் என்று ஆண்டுகளைத் தள்ளும் சகோதரர், வலியை மறைத்து அடுப்படியில் நிற்கும் நாம் - எல்லோரும் அந்தக் கைதட்டலுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான்.

ஆகவே நம் வீட்டில் யாராவது அப்படி ஒரு எச்சரிக்கையைச் சொன்னால், அது வைத்தியரின் கடிதமாக இருக்கட்டும், பிள்ளையின் வாய்ச்சொல்லாக இருக்கட்டும், பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.