ஆற்றங்கரைப் பழமனைகளும் அவற்றை அரிக்கும் சிற்றுயிர்களும்

சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனார், வறுமையுற்ற பாணனொருவனது அடுக்களையைக் காட்டுமிடத்து, மரங்கள் கழன்று வீழும் பழஞ்சுவரையும், அதனை அரித்த சிதற்கூட்டத்தையும், உதிர்ந்த புழுதியிலே முளைத்த காளானையும் ஒருங்கே வைத்துக் காட்டுகின்றார். இப்பகுதியை வகுப்பிற் பயின்ற ஞான்று இஃது வறுமையின் வருணனை என்றே கொண்டேன். பின்னர், அடையாற்றங்கரையிலுள்ள என் பாட்டனார் வீட்டின் பின்கட்டுச் சுவரிலே அம்மூன்றையும் ஒருசேரக் கண்டபொழுதுதான், புலவர் ஒரு காரண காரியத் தொடர்பையும் உடன் கூறியிருக்கின்றார் என்பது விளங்கிற்று. சிதலும் காளானும் ஒரே விருந்தோம்பியின் விருந்தினர், அவ்விருந்தோம்பி ஈரம். நீர்நிலையை அடுத்த பழைய வீடுகளில் எலி, கொசு, கறையான் முதலியவற்றை ஒழிக்க முயல்வோர் பெரும்பாலும் நஞ்சினையே முதலிற் தேடுகின்றனர். நீரின் வழியை முதலில் தேடவேண்டும் என்பதே ஈண்டு யான் கூறவந்தது.

சென்னைக்குத் தென்மேற்கிலுள்ள ஏரிகளின் மிகுநீரைக் கொண்டு, ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலிற் கலப்பது அடையாறு. முடிச்சூர், அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலியன அதனை அடுத்த ஊர்கள். மாநகரம் பெருகுமுன் இவற்றுட் பல தனிக் கிராமங்களாய் இருந்தன. அக்காலத்தெழுந்த வீடுகளிற் சில இன்னும் நிற்கின்றன. சுண்ணாம்புக் காரையிட்ட செங்கற்சுவர்; அதன்மேல் தேக்க மரங்களைப் பரப்பி, சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கி, செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த 'மெட்ராஸ் டெரஸ்' தளம்; செல்வம் குறைந்தோர் வீடாயின் பனங்கையின்மேல் நாட்டோடு; கொல்லையில் ஓர் உறைகிணறு. கட்டிய கொத்தனார்கள் ஆற்றின் அண்மையை அறியாதவர் அல்லர். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படிகள் ஏறவேண்டியிருந்ததாகப் பாட்டனார் கூறுவார். இன்று தெருவிலிருந்து வீட்டினுள் ஒரு படி இறங்கவேண்டும். வீடு தாழவில்லை, பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை இட்டு இட்டுத் தெருதான் உயர்ந்துவிட்டது. ஆகவே தெருவில் விழும் மழை வீட்டின் அடிச்சுவரிலே வந்து தங்குகின்றது.

இதனோடு நாமே வருவித்துக்கொண்ட கேடு ஒன்றுண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயில் காலத்தில் அதனை வெளியே விட்டுவிடும். அச்சுவர் உதிரத் தொடங்கியதும், வலிமை தருவோம் என்றெண்ணி அதன்மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசுகின்றனர். சிமெண்டு ஈரத்தை எளிதில் வெளிவிடாது. அடியிலிருந்து ஏறிய நீர் பூச்சிற்கும் செங்கல்லிற்கும் இடையே சிறைப்பட்டு, மேலும் உயர ஏறி, உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தை எட்டுகின்றது. வெளியே நோக்குவோர்க்குச் சுவர் புதியதுபோல் தோன்றும். உள்ளே மரம் நனைந்துகொண்டிருக்கும். பழஞ்சுவரைச் சுண்ணாம்பினாலேயே செப்பனிட வேண்டும் என்று முதுகொத்தனார்கள் கூறுவதைப் பழமைப்பற்று என்று தள்ளிவிடுதல் தகாது.

நிற்க. கறையானைப்பற்றிச் சிறிது விரிவாகக் கூறுவேன். சிதல், செல், கறையான் என்பன ஒன்றன் பெயர்களே. நம் ஓலைச்சுவடிகளுட் பலவற்றைத் தின்று தீர்த்த செல்லும் இதுவே. 'செல்லரித்தது' என்னும் வழக்கை நோக்குக. மழைக்காலத்து மாலையிலே விளக்கைச் சூழ்ந்து சிறகுதிர்க்கும் ஈசலும் வேறன்று. புதுக்குடி நிறுவப் புறப்பட்ட கறையானின் ஆணும் பெண்ணுமே அவை. ஈசல் வீட்டிற்கு வெளியிலிருந்து வருமாயின் அச்சமில்லை. வீட்டுத் தரையின் வெடிப்பிலிருந்தோ நிலைக்கதவின் அடியிலிருந்தோ எழுமாயின், குடி அங்கேயே உள்ளது என்று அறிக.

இவ்வுயிரின் தோல் மிக மெல்லியது. வறண்ட காற்றில் நெடுநேரம் நடமாடினால் உலர்ந்து மடியும். அதனாலேயே தான் செல்லும் வழியெல்லாம் மண்ணை உமிழ்நீரிற் குழைத்துக் குழல்போன்ற மூடுவழி ஒன்று கட்டிக்கொண்டு செல்கின்றது. சுவரில் ஓடும் அம்மண்வழியைத் துடைப்பத்தாற் தட்டிவிட்டு, கறையானை ஒழித்தோம் என்று மகிழ்வோர் பலர். கூடு மண்ணுக்கடியில் இருத்தலின் சில நாட்களில் வேறொரு வழி எழும். உடைந்த வழி மீண்டும் கட்டப்படுகின்றதா என்பதைக் கொண்டு குடி உயிரோடிருப்பதை அறியலாம். அவ்வளவே அதனாற் பயன்.

மரங்களுள்ளும் வேற்றுமை உண்டு. தேக்கின் உள்வயிரத்தைக் கறையான் எளிதில் தின்னாது. வெளிப்புறத்து வெளிறு அதற்கு நல்லுணவு. விலை குறைவு கருதி வெளிறு விட்டறுத்த சட்டங்களைப் புதிதாகச் செருகிய இடத்திலேயே பழைய வீடுகளில் அரிப்புத் தொடங்குதலைக் காணலாம். பனையோ இதற்கு மாறானது. புறத்தே வயிரம் உடையதனைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதனை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்தார். அவ்வாற்றான் பனை புல்லினத்ததே. அதன் உட்சோற்றைச் செதுக்கி நீக்காமல் ஏற்றிய பனங்கை புறத்தே உருக்குப்போல் விளங்கி அகத்தே கூடாய்ப்போகும். கைப்பிடி உளியாலோ கத்தியின் பிடியாலோ உத்திரங்களையும் நிலைகளையும் தட்டிப் பார்த்தால் வெற்றொலி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இவ்வாறு சோதித்தல் புதுவழக்கமன்று. லேவியராகமம் 14ஆம் அதிகாரத்திலே, வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமான கறை கண்டால் செய்யவேண்டுவன விதிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் வீட்டை ஒழித்துவைத்தல். பின்னர் ஆசாரியன் பார்த்தல். ஏழு நாள் அடைத்துவைத்து மீளவும் பார்த்தல். பரவியிருந்தாலன்றிக் கல்லைப் பெயர்த்தல் இல்லை. இஃது சடங்கு விதியேயாயினும், பார்த்தலும் பொறுத்தலும் முன்னாகவும் இடித்தல் பின்னாகவும் வைக்கப்பட்ட முறை இக்காலத்துக் கட்டடப் பொறியாளர்க்கும் உடன்பாடாகும்.

எங்கள் வீட்டில் அம்முறை கைக்கொள்ளப்படவில்லை. பாட்டனார் ஒரு நிறுவனத்தாரை வருவித்தார். அவர்கள் அரைநாளில், சுவரை ஒட்டித் தரையில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு துளைகளிட்டு, குளோர்பைரிபாஸ் கலந்த நீரை உட்செலுத்திச் சென்றனர். முறை பிழையன்று, கட்டி முடிந்த வீடுகட்கு அதுவே வழக்கமான முறை. ஆயின், கொல்லைக்கிணறு அத்துளைகளுக்கு நான்கடித் தொலைவில் இருந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. எங்கள் வீட்டாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆற்றை அடுத்த மணற்பாங்கான நிலத்திலே மழைக்காலத்து நிலத்தடி நீர் சில அடிகளிலேயே நிற்கும். மண்ணில் ஊற்றியது நீரிற் சேரத் தடை யாது? அன்று முதல் அக்கிணற்று நீரை நாங்கள் பருகுவதில்லை. மூன்று தலைமுறை குடித்த கிணறு அது. இரண்டு மழைக்காலம் கழிந்ததும் கறையான் மீண்டும் வந்தது. குளியலறையின் கழிநீர்க்குழாய் சுவரடியில் விண்டு, நெடுநாளாகக் கசிந்திருந்தமை அப்பொழுதுதான் வெளிப்பட்டது. குழாயை மாற்றி, அவ்விடத்துச் சிமெண்டுப் பூச்சை உரித்துச் சுவரை உலரவிட்ட பின்னரே அரிப்பு நின்றது.

நஞ்சே கூடாதென்பது என் கருத்தன்று. கூடு வலுத்துவிட்டால் அஃது இன்றியமையாததாகலாம். ஆயின் ஒரு தலைமுறைக்கு முன்னர்த் தீங்கற்றது என்று வீடுதோறும் ஊற்றப்பட்ட ஆல்டிரின் இந்தியாவில் 1996ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டது என்பதை மறத்தலாகாது. கிணற்றை அடுத்த சுவருக்கு ஊற்றும் முறையை விடுத்து, இரைப்பெட்டி வைக்கும் முறையைக் கேட்டுப் பெறலாம். அவ்விரையிலுள்ள மருந்து கறையான் தோலுரிப்பதைத் தடுப்பது. உண்டவை அதனைக் கூட்டிற்குக் கொண்டுசென்று பிறவற்றிற்கும் ஊட்டுதலால், குடி மெல்ல அழியும். திங்கள் சில பொறுத்திருக்க வேண்டும்.

இனி எலி. ஓட்டின்மேலும் உத்திரத்தின்மேலும் ஓடுவது வீட்டெலி. வாய்க்கால் ஓரத்திலும் அடித்தளத்தின் கீழும் வளை தோண்டுவது பெருச்சாளி. பின்னது நீந்தவும் வல்லது. ஆறு பெருகுங்கால் அதன் வளை நிரம்ப, நம் வீடே அதற்கு மேட்டுநிலம் ஆகின்றது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு வீடுகளுட் புகுந்ததை இக்கரையார் எவரும் மறந்திலர். அத்தகைய வெள்ளத்தில் எலியினும் கொடியது எலியின் சிறுநீர். லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர் எலியின் சிறுநீரகத்தில் வாழ்ந்து, சிறுநீர்வழி வெளிப்பட்டு, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாள் உயிர்த்திருக்கும். காலிலுள்ள சிறு கீறல் அதற்கு வாயிலாகும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியன தோன்றின், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறவாமற் சொல்லவேண்டும்; சொல்லாவிடில் வேறு காய்ச்சலென்று கருதப்பட்டு, கல்லீரலும் சிறுநீரகமும் கெடுமளவும் நோய் முற்றக்கூடும்.

எலிநஞ்சு வைத்தலில் எனக்கு மிகுந்த அச்சமுண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் புறநகர் ஒன்றிலே, எலிநஞ்சு வைக்கப்பட்ட வீட்டில் இரவு உறங்கிய குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்தனர். எலிநஞ்சுகளுள் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகைக்கு வைட்டமின் கே மாற்று மருந்தாகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசைக்கோ மாற்று மருந்தே இல்லை. அன்றியும், நஞ்சுண்ட எலி உத்திரத்திடையே செத்து நாறும். அதனினும் பொறியும், அதனினும் துளையடைத்தலும் நன்று. அரை அங்குலத் துளை ஓர் எலிக்குப் போதும். கால் அங்குலம் சுண்டெலிக்குப் போதும். துணியும் மரத்துண்டும் அதன் பற்களுக்கு நில்லா. இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்து அதன்மேற் காரை பூசுக. நீர் வெளியேறும் தூம்புகட்கு இரும்புச் சல்லடை இடுக. எலி நீங்கினால் அதனைத் தேடிவரும் பாம்பும் பெரும்பாலும் வாராது.

கொசுவை ஒன்றென எண்ணுதலே பலர் செய்யும் பிழை. ஆற்றிலும் சாக்கடையிலும் கழிவுநீரிற் பெருகுவது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது இதுவே. கிணற்றிலும் மேல்தொட்டியிலும் தெளிந்த நீரில் முட்டையிடுவது அனாபிலிஸ் இனத்தது. இவ்வினத்துக் கொசுவின் வயிற்றிலேதான் ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில் மலேரியா நுண்ணுயிரைக் கண்டார். பூந்தொட்டித் தட்டிலும் உடைந்த குடத்திலும் வளர்ந்து, பகலிற் கடித்து, டெங்குவைத் தருவது ஈடிஸ். ஆற்றின்மேல் பழிபோட்டுவிட்டு அமர்ந்திருப்போர் அறியவேண்டுவது, மலேரியாவும் டெங்குவும் பெரும்பாலும் தம் வேலிக்குள்ளேயே பிறக்கின்றன என்பதே. முட்டை கொசுவாக ஏழு முதற் பத்து நாட்கள் செல்லும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் கவிழ்த்தல் வேண்டும். ஈடிஸின் முட்டை பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல திங்கள் கெடாதிருப்பது. ஆதலின் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய்நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். மலக்குழித் தொட்டியின் காற்றுக்குழாய் முனையில் ஒரு துண்டு வலையைக் கட்டினால், கியூலெக்ஸின் பெரும்படை ஒன்று அங்கேயே அடைபடும். அதற்குச் செலவு மிகச் சிறிது. இருந்தும் எங்கள் தெருவில் அவ்வாறு கட்டியிருப்போர் இரு வீட்டாரே.

இவற்றையெல்லாம் வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி புரட்டாசியிலேயே செய்து முடித்தல் நலம். அடிச்சுவரைச் சுற்றி ஒரு முழ அகலம் மண்ணை வெட்டி, நீர் வெளிநோக்கி ஓடுமாறு சரிவாக்குக. சுவரிற் சாத்திய விறகையும் பழம்பலகையையும் அகற்றுக. புத்தக அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துக. கிணற்றின் வாயை நெருங்கிய கண்ணுடைய வலையால் மூடுக. எங்கள் கிணற்றிற்கும் சென்ற புரட்டாசியில் வலை இட்டோம். பருகுவதற்கில்லையாயினும் அது தூர்ந்துபோக வேண்டாம் என்று பாட்டனார் விரும்புகின்றார். அந்நீரைச் செடிகளுக்கு இறைக்கின்றோம்.