காலி மருந்து டப்பாக்களும் சட்டமும்

மருந்து தெளித்து முடித்ததும் காலி டப்பாவை வரப்பில் எறிந்துவிடுகிறோம். அல்லது மூடியுள்ள நல்ல டப்பா என்று வீட்டுக்கு எடுத்து வந்து மண்ணெண்ணெய், விதை, சில வேளைகளில் சமையல் எண்ணெய்கூட வைத்துக் கொள்கிறோம். இது உயிருக்கே ஆபத்தான பழக்கமாகும்.

2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையலுக்கான எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரிய வந்தது. சமையலறைப் பொருளும் பூச்சி மருந்தும் ஒன்றையொன்று நெருங்கவே கூடாது. மருந்து பிளாஸ்டிக்கில் ஊறிவிடுவதால், எவ்வளவு கழுவினாலும் டப்பா உணவுப் பொருளுக்கு உதவாது.

சட்டம் கூறுவது என்ன?

1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் விதிகள் வகுக்கப்பட்டன. இவற்றின்படி லேபிளில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறமே நஞ்சின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. பச்சை டப்பாவும் புழக்கத்துக்கு உரியதன்று.

மருந்து தீர்ந்த பின்னும் விதி டப்பாவை விடுவதில்லை. காலி டப்பாவை வெளியே போட்டு வைக்கக் கூடாது. மறுபடி பயன்படாதவாறு உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும். மீந்த மருந்தும் கழுவிய நீரும் நீர்நிலைகளைக் கெடுக்கக் கூடாது. இப்பொறுப்பு தயாரிப்பாளருக்கு மட்டுமன்றித் தெளிப்பவருக்கும் உண்டு.

பிளாஸ்டிக் கழிவைத் திறந்த வெளியில் எரிக்காமல் தடுக்கும் பொறுப்பை 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் ஊராட்சிகளுக்கும் அளித்துள்ளன. மருந்து டப்பாவை எரித்தால் நச்சுப்புகையை முதலில் சுவாசிப்பவர் எரிப்பவரே.

செய்ய வேண்டியவை

1. தெளிப்பானில் மருந்து ஊற்றியவுடன், காலி டப்பாவில் கால் பங்கு நீர் ஊற்றி மூடி, அரை நிமிடம் குலுக்கவும். அந்த நீரைத் தெளிப்பானிலேயே சேர்க்கவும். இவ்வாறு மூன்று முறை செய்யவும். மருந்தும் வீணாகாது.

2. கிணறு, வாய்க்கால், குளத்தில் டப்பாவையோ தெளிப்பானையோ கழுவ வேண்டாம்.

3. டப்பாவைத் துளையிட்டு, நசுக்கி, வீடுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் எட்டத்தில் ஆழமாகப் புதைக்கவும்.

4. பழைய டப்பா வாங்குவோரிடம் விற்க வேண்டாம். அது யார் வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியாது.

மருந்து வாங்கும் நாளிலேயே காலி டப்பாவை எங்கே புதைப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பயிரைக் காக்க வாங்கிய மருந்து குடும்பத்துக்குக் கேடாகாமல் இருக்க இதுவே வழி.